ஆறரை அடி

தங்கச்சன் போனில் சொன்ன அளவை
மின்கட்டண ரசீதின் பின்புறம் குறித்துக்கொண்டேன்.
நீளம் முப்பத்திரண்டு, அகலம் ஆறரை.
ஆஞ்சிலிப் பலகை, கயிற்றால் தைத்தது.
முதலில் நெல் ஏற்றியது, பிறகு மணல்.
இப்போது கைனகரியில் ஒரு கால்வாய் ஓரம்
பூனை ஒன்று மட்டும் குடியிருக்கிறது.

"பள்ளத்தூர்னு பேருதான்.
ஊருணியிலயே முழங்கால் தண்ணி.
ஒனக்குப் படகு எதுக்கு உமையாள்?"
என்றார் அடைக்கப்பன்.
படகு அங்கேயேதான் இருக்கும்,
நான்தான் போகிறேன் என்றேன்.
சொல்லி முடித்த பிறகுதான்
எனக்கே உறைத்தது.

இந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிறது.
பெல் அடித்தவருக்குக் கதவு திறக்க
பின்கட்டிலிருந்து நான் வந்துசேர்வதற்குள்
ஆளில்லை என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருப்பார்.
கூரியர்காரருக்கு நான் பலமுறை இல்லாதவள்.
வீட்டில் அவர் பங்கு முப்பத்தாறில் ஒன்று.
எல்ஐசியில் முப்பது வருஷம் பிரீமியம் எண்ணி வந்த காசில்
படகில் என் பங்கு
ஒன்றில் ஒன்று.

சாக்பீஸ் வாங்கிவந்தேன்.
இரண்டாம் வளவில், முற்றத்தை ஒட்டி,
ஆத்தங்குடிக் கல்லில் பூக்களை வெட்டிக்கொண்டு
ஓடியது கோடு.
உள்ளே ஒரு பாய், ஒற்றை அடுப்பு,
இரண்டு வாளி, நான்.
வெளியே போவதென்றால் கரைக்குப் போவது.

முதல் நாள் முழங்கை நாலு தடவை கோட்டைத் தாண்டியது.
இரண்டாம் நாள் பீரோ கரையேறியது.
சீர்வரிசைத் தூக்குச்சட்டி பதினெட்டும் ஐந்தாம் நாள்.
ஏழாம் நாள் அழுகை வந்தது.
காரணத்தையும் ஏற்றிக்கொள்ள இடமில்லாததால்
சும்மா அழுதேன்.

சினிமா ஷூட்டிங்குக்கு வீட்டை வாடகைக்கு விட
போட்டோ எடுக்க வந்தார் பங்காளி நாச்சியப்பன்.
தூண் தூணாய்ப் பின்னால் நகர்ந்து
படம் பிடித்துக்கொண்டே வந்தவரிடம் சொன்னேன்:
"அண்ணே, பாத்து. தண்ணியில நிக்கிறீக."
குனிந்து பார்த்தார்.
வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.

எல்லாரும் கேட்டது கக்கூஸ் பற்றி.
சிங்கப்பூரிலிருந்து மெய்யம்மை மட்டும் கேட்டாள்,
நீச்சல் தெரியுமாம்மா?
நெஞ்சளவுதான் ஆழம் என்கிறார் தங்கச்சன்.
யாருடைய நெஞ்சு என்று
நான் விசாரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ராத்திரி மழை.
நாலு தாழ்வாரத்துத் தண்ணீரும் முற்றத்தில் கொட்டி
அடைத்துக் கிடந்த மடையில் திரும்பி
ஏறி வந்தது, என் கோடு வரைக்கும்.
எழுந்து உட்கார்ந்தேன். விளக்குப் போடவில்லை.
பாய்க்கு நாலு விரல் தள்ளித் தண்ணீர்
கருப்பாக அசைந்துகொண்டிருந்தது.
கால் மணி நேரம்.
பிறகு யாரோ மடையைக் குத்திவிட்டார்கள்.
இந்த வீட்டில் அந்நேரம் விழித்திருக்கக்கூடியவர்
ஒருவர்தான்.

விடிந்ததும் அழிந்த பக்கத்தைத் திரும்ப வரைந்தேன்.
வரையும்போது அகலத்தில் அரை அடி கூட்டிவிட்டேன்.
பகலெல்லாம் வசதியாக இருந்தது.
ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.
ஈரத்துணியால் துடைத்துவிட்டு
ரசீதைப் பார்த்துப் போட்டேன். ஆறரை.

அவர் கோட்டுக்கு வெளியேதான் படுக்கிறார்,
நாற்பது அடி வளவில், என் படகை ஒட்டி.
தூக்கத்தில் ஒரு கால் உள்ளே வந்துவிடுகிறது.
ஒரு நாள் தள்ளினேன்.
மறுநாள் அடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

இன்று காலை பணம் அனுப்ப வங்கிக்குக் கிளம்புகையில்
தங்கச்சன் கூப்பிட்டார்.
எல்லாம் சரி, ஒரு விஷயம் விட்டுப்போச்சு,
அந்தப் பூனையை என்ன செய்ய,
நான் கொண்டுபோகவா, படகோடு விடவா?

நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
பூனை குறுக்கே போனால்
பயணத்தையே தள்ளிப்போடுகிற மனிதர்
பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:
"பூனையோட சேத்தே பேசு."